ஐந்து போர்ஷன் வீடு, 38,000 வாடகை: குன்னூரில் வாங்கலாமா?

கேள்வி: அருவங்காடு தொழிற்சாலையில் வேலை பார்த்து இந்த ஆண்டு ஓய்வு பெற்றேன். கையில் 45 லட்சம் இருக்கிறது. குன்னூர் பெட்போர்டு பக்கம், சாலைக்குக் கீழே சரிவில், 6 சென்டில் ஐந்து போர்ஷன் கொண்ட பழைய வீடு 95 லட்சத்துக்கு வருகிறது. மேல்தளத்தில் இரண்டு போர்ஷன் தலா 9,000, கீழ்த்தளத்தில் இரண்டு தலா 7,000, அதற்கும் அடியில் பிற்பாடு கட்டிய ஒன்று 6,000 என்று மாதம் 38,000 வாடகை வருவதாகத் தரகர் சொல்கிறார். சுற்றியுள்ள பழைய வீடுகளை பெங்களூரு, கோவைக்காரர்கள் வாங்கி ஹோம்ஸ்டே, காபிக் கடை என்று மாற்றி வருகிறார்கள். ஐந்து வருடத்தில் விலை இரட்டிப்பாகும், குடித்தனக்காரர்களைக் காலி செய்துவிட்டு நீங்களும் ஹோம்ஸ்டே விடலாம் என்கிறார். மகனோடு சேர்ந்து 50 லட்சம் கடன் எடுக்க எண்ணம். வாங்கலாமா?

பதில்: இந்த விலைக்கு வேண்டாம். விலை இறங்கினாலும் சரிவையும் பிளான் அனுமதியையும் பார்த்த பிறகுதான். ஏன் என்று சொல்கிறேன்.

கையில் 45, கடன் 50, விலை 95 என்று கணக்கைக் கச்சிதமாகப் பொருத்தியிருக்கிறீர்கள். பதிவுச் செலவு அதில் எங்கே? கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கிரயத் தொகை, அரசு மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல் இது போடப்படும். 95 லட்சத்துக்கு 8 லட்சத்து 55 ஆயிரம். வங்கி இதற்குக் கடன் தராது. பழைய மலை வீட்டை வாங்கியதும் கூரை, வடிகால், செப்டிக் டேங்க் என்று 6 லட்சமாவது இறங்கும். ஆக வீடு உங்கள் கைக்கு முழுசாக வரும்போது விலை 1 கோடியே 10 லட்சம். இப்போதே 15 லட்சம் துண்டு விழுகிறது, அதுவும் ஓய்வுப் பணத்தில் மருத்துவச் செலவுக்கென்று ஒரு ரூபாய்கூட ஒதுக்காமல்.

அடுத்து வாடகை. அடியில் பிற்பாடு கட்டிய போர்ஷனின் 6,000 ரூபாயைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். காரணம் கீழே வருகிறது. மிச்சம் 32,000. ஐந்தாறு குடித்தனம் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு ஒரு மாத வாடகையாவது காலி கிடப்பதிலும் பாக்கியிலும் போகும். அது போக 3,52,000. சொத்து வரி, தண்ணீர், பொது விளக்கு எல்லாம் சேர்த்து 30,000. பராமரிப்புக்கு 60,000, மழையிலும் மூடுபனியிலும் ஊறிக் கிடக்கும் வீட்டுக்கு இது அதிகமே இல்லை. கடைசியில் நிற்பது 2,62,000. போட்ட 1 கோடியே 10 லட்சத்துக்கு இது 2.4 சதவீதம். கடனுக்கு எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்தால் 50 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 43,400. வாடகையில் செலவு போக மாதம் 21,800தான் மிஞ்சும். மீதி 21,600 ரூபாயை உங்கள் பென்ஷனோ மகன் சம்பளமோ மாதாமாதம் ஈடுகட்ட வேண்டும்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். வாடகைக்காக மட்டும் ஒருவர் வாங்குகிறார், செலவு போக 4 சதவீதம் வந்தால் போதும் என்கிறார் என்றால் அவர் மொத்தமாகப் போடக்கூடியது 65 லட்சம். அதில் பழுதுபார்ப்பும் பதிவும் போனால் வீட்டுக்குக் கொடுக்கக்கூடியது 55 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கேட்கும் விலையில் மேலே உள்ள 40 லட்சம், நாளைக்கு ஏரியா எப்படியோ ஆகும் என்ற நம்பிக்கைக்கு இன்றே கேட்கும் காசு.

ஏரியா மாறுகிறது என்பது பொய்யில்லை. ஆனால் அப்படி மாறும் இடத்தில் நில விலை ஏறுகிற வேகத்துக்கு வாடகை ஏறாது. உங்கள் போர்ஷன்களில் குடியிருப்பவர்கள் தேயிலை ஃபேக்டரி ஊழியர், கடைச் சிப்பந்தி, நர்ஸ், தனியார் பள்ளி ஆசிரியர். அவர்கள் சம்பளம் எவ்வளவு தாங்குமோ அதுதான் வாடகையின் உச்சி. பங்களா வாங்க வருகிற பெங்களூருக்காரர் ஐந்து சமையலறை உள்ள வீட்டைத் தேடி வருவதில்லை. கார் வாசல் வரை வர வேண்டும், முன்னால் பள்ளத்தாக்கு தெரிய வேண்டும். உங்கள் வீடு சாலைக்குக் கீழே இருக்கிறது. சாலையிலிருந்து எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள். மலையில் சதுர அடிக்கு அடுத்தபடியாக வாடகையைத் தீர்மானிப்பது அந்தப் படிதான். கேஸ் சிலிண்டர் தோளில் இறங்க வேண்டும், வயதானவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்றால் எந்த காபிக் கடை வந்தாலும் வாடகை ஓரளவுக்கு மேல் நகராது.

ஹோம்ஸ்டே யோசனையை இங்கேயே கைவிடுங்கள். உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருந்து, சில அறைகளை மட்டும் விருந்தினருக்கு விடுவதுதான் ஹோம்ஸ்டே. ஐந்து போர்ஷனையும் நாள் வாடகைக்கு விட்டால் அது விடுதி; குடியிருப்புக்கு வாங்கிய அனுமதி அதற்குச் செல்லாது. மின் கட்டணமும் சொத்து வரியும் வணிகக் கணக்குக்கு மாறும். நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தில் 2018-ல் உச்சநீதிமன்ற உத்தரவுப்படி விடுதிகளுக்குச் சீல் வைத்ததையும், கொடைக்கானலில் அனுமதியில்லாத கட்டடங்களுக்கு உயர்நீதிமன்ற உத்தரவால் சீல் விழுந்ததையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகள் மலையேற இ-பாஸ் வேண்டும் என்று இருக்கிறது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பே வந்துவிட்டது. சுற்றுலாக் காசை நம்பித் தவணை கட்டுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இப்போது அடியில் உள்ள அந்த ஐந்தாவது போர்ஷன். மலை நகரங்களுக்கான 1993-ஆம் ஆண்டு கட்டட விதிகள் உயரத்தை 7 மீட்டரில் நிறுத்துகின்றன; தரைத்தளமும் ஒரு மாடியும் என்று வைத்துக்கொள்ளலாம். சாலையிலிருந்து இரண்டு தளமாகத் தெரியும் உங்கள் வீடு பள்ளத்துப் பக்கம் நின்று பார்த்தால் மூன்று. தூண்களுக்கு இடையே வெறுமனே கிடந்த இடத்தைச் சுவர் எழுப்பி அடைத்து ஒரு குடித்தனம் ஆக்குவது இந்த ஊர்களில் வழக்கம். அதற்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டால் தரகர் சொத்து வரி ரசீதையும் ஈபி அட்டையையும் எடுத்து நீட்டுவார். வரி போடுவது, மின் இணைப்பு கொடுப்பது எதுவும் கட்டட அனுமதி ஆகாது. நகராட்சி முத்திரையும் அனுமதி எண்ணும் தேதியும் உள்ள வரைபடம் வேண்டும். விற்பவரிடம் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நகராட்சியிடம் நகல் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். நகல் வந்ததும் டேப்போடு போய் வெளிச்சுவர் நீளம், தளங்களின் எண்ணிக்கை, சமையலறைகளின் எண்ணிக்கை மூன்றையும் ஒத்துப் பாருங்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் இதைத்தான் செய்வார். வரைபடத்தில் இல்லாத பகுதிக்கு அவர் மதிப்பு போடமாட்டார். பிறகு வரன்முறை செய்துகொள்ளலாம், அதாவது அனுமதியில்லாததைச் சட்டப்படியாக்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு விலை கொடுக்காதீர்கள்.

காகிதம் சரியாக இருந்தாலும் சரிவு சரியில்லையென்றால் வீடு இல்லை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி, குன்னூர், ஊட்டி, கோத்தகிரி சுற்றிலும் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். இங்கே பாறைக்கு மேல் பல அடி ஆழத்துக்கு மக்கிய செம்மண். நீர் இறங்கினால் எடை கூடும், பிடிமானம் குறையும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. ஆகவே வீட்டை அக்டோபர் முதல் டிசம்பருக்குள், மழை நாளில், குடையோடு போய்ப் பாருங்கள். ஏப்ரல் வெயிலில் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

முதலில் வீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவர். பழைய சுவர்கள் கல்லைச் சாந்தில்லாமல், அல்லது மண் சாந்தில் அடுக்கிக் கட்டியவை. இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து வெளியேறும், அதனால்தான் அத்தனை வருடம் நின்றன. பிற்பாடு யாராவது அழகுக்காக இடுக்கையெல்லாம் சிமெண்டால் பூசியிருந்தால் தண்ணீர் சுவருக்குப் பின்னாலேயே தேங்கிவிடும். மண்ணின் தள்ளலோடு நீரின் தள்ளலும் சேர்ந்து, தரையிலிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் சுவருக்குத் தொப்பை விழும். சுவர் உச்சியில் ஒரு குச்சியை வெளியே நீட்டி, நூல் சுவரில் படாதபடி கொத்தனாரின் தூக்குக்குண்டை அதிலிருந்து தொங்கவிட்டு, அடிக்கு ஒரு இடத்தில் நூலுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். நல்ல சுவர் மலைப் பக்கம் சாய்ந்திருக்கும். கீழே போகப் போக இடைவெளி ஒரே சீராகக் குறைந்துகொண்டே வரும். நடுவில் திடீரென்று குறைந்து மறுபடி கூடினால் அங்கே தொப்பை. 8 அடிச் சுவரில் அது 2 அங்குலத்தைத் தாண்டினால் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் மேலே பேசாதீர்கள். கான்கிரீட் சுவரானால் கசிவுக் குழாய்களைப் பாருங்கள். 3 அங்குலக் குழாய், ஐந்தடிக்கு ஒன்று, வரிசை மாற்றி மாற்றி இருக்க வேண்டும். ஒரு கம்பியை உள்ளே விடுங்கள். ஜல்லியில் தட்டினால் நல்லது. சேற்றில் பொதக்கென்று இறங்கினால் பின்னால் வடிகட்டி ஜல்லியே இல்லை என்று அர்த்தம். மழை நாளில் குழாய் வறண்டு சுவர் மட்டும் நனைந்திருந்தால் அடைப்பு.

வீட்டுக்குள் ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைத் தேடுங்கள். பூச்சில் மட்டும் வலை வலையாக இருப்பது பொருட்டல்ல. சாய்வு விரிசல், அதோடு பள்ளத்துப் பக்க அறைகளில் கதவு நிலையில் உரசுகிறது என்றால் அஸ்திவாரம் கீழ்ப்பக்கம் இறங்குகிறது. வீட்டுக்குக் கீழே உள்ள மனையையும் போய்ப் பாருங்கள். அந்த மனையை யாராவது வில்லா கட்டச் செங்குத்தாக வெட்டியிருந்தால் உங்கள் சரிவைத் தாங்கும் அடிப்பகுதியே போய்விட்டது. நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்று கட்டுப்பாடு இருப்பது இதனால்தான். வாங்கியபின் நீங்களும் ஜேசிபியைக் கூப்பிட்டு முற்றத்தை அகலப்படுத்த முடியாது. ஏரியா மாறுகிறது என்றால் மேலேயும் கீழேயும் இன்னும் பலர் மண்ணை வெட்டப் போகிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

செப்டிக் டேங்கை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஐந்து குடித்தனத்தில் இருபது பேருக்கு மேல் இருப்பார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி 20 பேருக்கு, இரண்டாண்டுக்கு ஒரு முறை கழிவு எடுப்பதானால், டேங்கின் உள்ளளவு 2.3 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், நீர் ஆழம் 1.3 மீட்டர். ஒரு குடும்பம் இருந்த காலத்தில் கட்டிய டேங்க் இதில் பாதிகூட இருக்காது. நிரம்பி வழியும் நீர் உறிஞ்சுகுழி வழியாக உங்கள் சரிவுக்குள்ளேயே இறங்கும், மழையில்லாத மாதத்திலும். ஜனவரி, பிப்ரவரியில் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும்போது ஒரு பட்டை மட்டும் பச்சையாக இருந்தால் நீர் அந்த வழியாகப் போகிறது. அந்தப் பட்டை அடிப் போர்ஷனின் சுவரில் போய் முடிந்தால், 6,000 ரூபாய் வாடகை தரும் அந்தக் குடும்பம் உட்கார்ந்திருப்பது எதன் மேல் என்று தெரிந்துவிடும்.

தண்ணீர்: ஆளுக்கு 100 லிட்டர் என்றால் 22 பேருக்கு நாளுக்கு 2,200. கோடையில் நகராட்சிக் குழாயில் வாரம் ஒரு முறைதான் வரும் என்று வைத்தால் 15,000 லிட்டருக்கு மேல் சேமிப்பு வேண்டும். இரண்டு சின்டெக்ஸ் தொட்டி போதாது. ஆனால் 15,000 லிட்டர் என்பது 15 டன். அதை முற்றத்தின் பள்ளத்து விளிம்பில் வைத்துக் கட்டாதீர்கள். சாலைப் பக்கம், வெட்டப்படாத மண்ணில் இருக்கட்டும். ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம், இந்த மாவட்டத்தில் அதற்கும் கட்டுப்பாடு உண்டு.

குடித்தனக்காரர்கள் விஷயத்தில் 38,000 என்பது தரகரின் வாய்க்கணக்கு. ஐந்து வீட்டுக் கதவையும் நீங்களே தட்டி, மரியாதையாக உட்கார்ந்து கேளுங்கள். வாங்குவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எந்தத் தேதியிலிருந்து இருக்கிறார், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, கடைசியாக எந்த மாதத்துக்குக் கொடுத்தார், ஈபி யார் பெயரில். இதில்தான் போக்கியம் வெளியே வரும். நம் ஊரில் மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாக வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் விடுவது சகஜம். ஒப்பந்தம் பதிவாகாமல் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் இருந்தால் வில்லங்கச் சான்றில் வராது. விற்பவர் அந்தப் பணத்தை எப்போதோ செலவழித்திருப்பார். கிரயம் முடிந்த மறுநாள் குடித்தனக்காரர் உங்களிடம் வந்து நிற்பார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும். ஐந்தில் இரண்டு போர்ஷன் போக்கியத்தில் இருந்தால் வாடகையும் இல்லை, பத்து லட்சம் கடனும் கூடவே வருகிறது. எழுதி வாங்கிய தாள்களைக் கூட்டி, அட்வான்ஸ், போக்கியத் தொகை மொத்தத்தையும் கிரய விலையில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். கிரயப் பத்திரத்திலும் அதை எழுதுங்கள்.

காலி செய்வது பற்றி. 2019 பிப்ரவரி 22 முதல் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இல்லை. 2017-ஆம் ஆண்டு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம்தான் நடப்பில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகை பாக்கி, எழுத்து ஒப்பந்தம் ஏற்படாதது, சொந்தத் தேவை என்று சட்டம் சொல்லும் காரணங்களுக்கு மட்டும், வாடகை நீதிமன்றம் வழியாகத்தான் வெளியேற்ற முடியும். மின்சாரத்தைத் துண்டிப்பது, தண்ணீரை நிறுத்துவது எல்லாம் உங்கள் மேல் புகாராகத் திரும்பும். தவிர, ஒழுங்காக வாடகை தரும் பழைய குடும்பத்தைக் கிளப்பிவிட்டு ஆயிரம் ரூபாய் கூடுதலுக்குப் புது ஆள் தேடுவது லாபமில்லாத வேலை. இரண்டு மாதம் காலி கிடந்தாலே அந்த ஆயிரம் ஒன்றரை வருடத்துக்குக் காணாமல் போகும்.

பத்திரங்களில் மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா, நகர நில அளவைப் பதிவேட்டு நகல், வாரிசுச் சான்று எல்லாம் வழக்கமானவை; வக்கீல் பார்ப்பார். குன்னூருக்கென்று ஒன்றைக் கூடுதலாகக் கேட்கச் சொல்லுங்கள். வெலிங்டன் கன்டோன்மென்ட் எல்லையில் பழைய மானிய நிலங்களில் கட்டடம் மட்டுமே தனியாருடையது, நிலம் அரசினுடையது. பெட்போர்டு நகராட்சிப் பகுதிதான். ஆனால் தரகர் இதை விட்டு வேறு வீடு காட்டத் தொடங்கினால் இந்தக் கேள்வி முதலில் வர வேண்டும். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தைப் பிடித்து உங்கள் பான் எண்ணிலேயே வருமான வரித் துறைக்குக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. வீட்டை விற்கும் வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அவர் பங்குக்கு இந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தாது, அதைவிட அதிகம் பிடிக்க வேண்டும். ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். மகன் கடனில் சேர்ந்தால் பத்திரத்திலும் சேரட்டும், இல்லாவிட்டால் வட்டிக்கான வரிச் சலுகை அவருக்குக் கிடைக்காது. வாடகை வருமானத்தில், கட்டிய சொத்து வரி போக 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு.

அனுமதி நான்கு போர்ஷனுக்கும் இருந்து, சுவரும் டேங்கும் தேறினால், 70 லட்சத்துக்கு மேல் போகாதீர்கள். 70 லட்சத்திலும் பதிவு, பழுது சேர்த்து 82 ஆகும். உங்கள் 45-ல் 5 லட்சத்தைத் தொடாமல் வைத்து 42 கடன் எடுத்தால் தவணை சுமார் 36,500. வாடகை போக மகன் மாதம் 14,700 போட வேண்டியிருக்கும். அது அவருக்குச் சிரமம் என்றால், இரண்டே போர்ஷன் உள்ள, வண்டி வாசல் வரை வரும், அனுமதி பெற்ற சின்ன வீட்டைக் கடனில்லாமல் தேடுங்கள்.

தரகர் டோக்கன் அட்வான்ஸ் என்று அவசரப்படுத்துவார். வரைபட நகல் கைக்கு வரும் வரை எதுவும் கொடுக்காதீர்கள். வந்தபின் கொடுப்பதையும் விற்பனை ஒப்பந்தமாகப் பதிவு செய்தே கொடுங்கள், தமிழ்நாட்டில் அது கட்டாயம். விலையில் பத்தில் ஒரு பங்கு முன்பணம், 90 நாள் கெடு. ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனை இருக்கட்டும்: வங்கி மதிப்பீட்டாளர் அனுமதியில்லாத பகுதி என்று சொல்வதன் மதிப்பு விலையில் குறைய வேண்டும், அடிப் போர்ஷனின் கணக்கை அந்தக் குடும்பத்தோடு விற்பவரே முடித்து, அந்த இடத்தைக் காலியாக ஒப்படைக்க வேண்டும்.